பி.ஓ.டி. முடித்தாயிற்று: எம்.ஓ.டி.யா, வேலையா, விமானமா?

நோயாலோ காயத்தாலோ விட்டுப்போன அன்றாட வேலைகளை ஒருவர் மீண்டும் செய்ய உதவும் தொழில் ஆக்குபேஷனல் தெரபி. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து அதைப் படிக்கப் போகிறவர்கள் இன்னும் குறைவுதான். பி.ஓ.டி. என்ற இளங்கலைப் பட்டத்துக்கு நான்கு வருடப் படிப்பு, ஆறு மாத இன்டர்ன்ஷிப் என்று நாலரை வருடத்தை முடித்துவிட்டு ஊருக்கு வந்தால், "இது பிசியோதானே?" என்று கேட்கும் மாமாக்களுக்குப் பதில் சொல்வதே தனி வேலை. அதை முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: மேலே படிக்கப் போகிறாயா, வேலைக்குப் போகிறாயா?

கையில் இருக்கும் வழிகள் இவைதான். உடனே தமிழ்நாட்டிலோ பக்கத்து மாநிலத்திலோ ஒரு தனியார் கல்லூரியில் எம்.ஓ.டி. என்ற முதுகலை சேர்வது. நுழைவுத் தேர்வு எழுதி மத்திய அரசு நிறுவனத்தில் இடம் பிடிப்பது. அமெரிக்கா, இங்கிலாந்து என்று கிளம்புவது. அல்லது ஓரிரு வருடம் வேலை பார்த்துவிட்டு அப்புறம் எம்.ஓ.டி. சேர்வது. நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கடைசி வழிதான் சரிப்படும் என்பது என் எண்ணம். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இந்தியாவில் எம்.ஓ.டி. என்பது பி.ஓ.டி. முடித்தவர் மேற்கொண்டு படிக்கும் இரண்டு வருடப் படிப்பு. அமெரிக்காவில் அப்படியில்லை. 2007 முதல் அங்கே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆவதற்கான நுழைவுப் படிப்பே முதுகலைதான். சைக்காலஜி, பயாலஜி என்று வேறு ஏதாவது பட்டம் பெற்று வந்தவர்களுக்கு அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுக்கும் படிப்பு அது. ஆகவே தருமபுரியில் பி.எஸ்சி. சைக்காலஜி முடித்த ஒரு பெண் இந்தியாவில் எம்.ஓ.டி. சேர முடியாது, அமெரிக்க முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். பி.ஓ.டி. முடித்த பெண் அதே அமெரிக்க முதுகலைக்குப் போனால், படித்ததில் பெரும்பகுதியைப் பணம் கட்டித் திரும்பப் படிப்பாள். இந்த வித்தியாசம் தெரியாமல் ஏஜென்சிகளின் வாசலில் நிற்பவர்கள் நிறையப் பேர்.

உடனே சேர்வதா, வேலை பார்த்துவிட்டுச் சேர்வதா

எம்.ஓ.டி.யின் இரண்டு வருடத்தில் பாடம் என்று உட்கார்ந்து கேட்பது குறைவு. ஆய்வு முறையியல், உயிரியல் புள்ளியியல், நீங்கள் எடுத்த சிறப்புப் பிரிவின் பாடங்கள், செமினார், ஜர்னல் கிளப், வார்டு போஸ்டிங் எல்லாம் உண்டு. ஆனால் மனத்தையும் நேரத்தையும் தின்பது தீசிஸ் என்ற ஆய்வேடுதான். தலைப்பு தேர்ந்தெடுத்து, சினாப்சிஸ் என்ற ஆய்வுத் திட்டச் சுருக்கம் எழுதி, ஆய்வு நெறிமுறைகளைப் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியில் அனுமதி வாங்கி, நோயாளிகளைச் சேர்த்து, அளவெடுத்து, கணக்குப் போட்டு, எழுதி முடிக்க வேண்டும்.

தலைப்பு முதல் வருடத்திலேயே முடிவாக வேண்டும். இன்டர்ன்ஷிப் முடித்த கையோடு வருபவரிடம் சொந்தமாக ஒரு கேள்வி இருப்பது அபூர்வம். கைடு (ஆய்வை வழிநடத்தும் ஆசிரியர்) சொன்ன தலைப்பு, இல்லையென்றால் சீனியர் செய்ததில் வயதையோ நோயையோ மாற்றிய தலைப்பு என்று போய்விடும். வேலை பார்த்துவிட்டு வருபவரிடம் கேள்வி ஏற்கெனவே இருக்கும். ஓசூர் சிப்காட்டில் பவர் பிரஸ்ஸில் விரல் நசுங்கிய ஓர் இளைஞருக்குத் தசைநாண் தைத்து, விரலைத் தாங்கும் ஸ்பிளின்ட் போட்டு, அசைவெல்லாம் நன்றாகத் திரும்பிவிட்டது. ஆனால் அந்த இயந்திரத்தின் முன் நிற்கவே அவருக்குக் கை நடுங்குகிறது. இதை எப்படி அளப்பது, எதைக் கொண்டு சரிசெய்வது? பென்னாகரத்துக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில் பெருமூளை வாதம் உள்ள குழந்தை. அம்மாவால் மாதத்துக்கு ஒரு முறைதான் பஸ் ஏறி வர முடிகிறது. வாரம் மூன்று முறை தெரபி என்று சொல்லும் ஆராய்ச்சிகளெல்லாம் அவளுக்கு எப்படி உதவும்? இப்படி ஒரு கேள்வியோடு போனால் தீசிஸ் உங்களுடையதாக இருக்கும், கைடுக்கும் உங்கள் மேல் மரியாதை வரும்.

சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கதைதான். கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறினாலும் நரம்பியல், குழந்தைகள், எலும்பு மற்றும் கை மறுவாழ்வு, மனநலம் என்று பிரிகிறது. இன்டர்ன்ஷிப்பில் பிடித்த மேடம் எந்தத் துறையோ அந்தத் துறையைப் பலர் எடுக்கிறார்கள். நம் மாவட்டங்களில் என்ன நோயாளிகள் வருகிறார்கள் என்று பார்த்து எடுப்பவர்கள் குறைவு. தொப்பூர் கணவாயும் நான்கு வழிச்சாலையும் கொண்டுவந்து சேர்க்கும் தலைக்காயங்கள், புளியமரத்திலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்த விவசாயிகள், ஓசூரின் கைக்காயங்கள் என்று பெரியவர்களுக்கான வேலை இங்கே குவிந்து கிடக்கிறது. சந்தையோ குழந்தைகள் பக்கம் சாய்கிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு என்று பெற்றோர் பணம் கட்டத் தயாராக இருப்பதால் தெரபி மையங்கள் அங்கேதான் முளைக்கின்றன. நீங்கள் எந்தப் பக்கம் நிற்கப் போகிறீர்கள் என்பது வேலையில் இறங்கினால்தான் உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே போய் மருந்தும் பிசியோதெரபியும் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் நம் தொழிலுக்கு எவ்வளவு வேலை காத்திருக்கிறது என்று தெரியும். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன ஓர் அம்மாவுக்குக் கை தோள்வரை உயர்கிறதா என்பது கவலையே இல்லை. தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் பானையை நிறுத்தி, மறு கையால் கேழ்வரகுக் களி கிண்டி வந்தவர் அவர். பானை சுழலாமல் பிடித்துக்கொள்ள என்ன செய்யலாம், அடுப்பை எவ்வளவு உயர்த்தலாம், உட்கார முடியாத இந்தியக் கழிவறையை எப்படி மாற்றலாம்? இந்தக் கேள்விகளுக்குப் புத்தகத்தில் நேரடியாகப் பதில் கிடையாது. வெளிநாட்டுப் புத்தகத்தின் சமையலறையில் எல்லோரும் நின்றுகொண்டுதான் சமைக்கிறார்கள்.

சரி, எந்த வேலையும் நல்ல வேலை என்று சொல்லிவிட முடியாது. பெங்களூரிலும் ஓசூரிலும் சில குழந்தைகள் மையங்களில் காலை முதல் மாலை வரை முக்கால் மணிக்கு ஒரு குழந்தை என்று ஓடும். ஊஞ்சல், பந்து, பிரஷ் என்று ஒரே வரிசை. ரிப்போர்ட் எழுதக்கூட நேரமிருக்காது. அப்படி இரண்டு வருடம் ஓட்டினால் வேகம் வரும், அறிவு வளருமா என்பது சந்தேகம். ஆகவே முதல் வேலையில் சம்பளத்தைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, மேலே ஒரு சீனியர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கிறாரா, வாரம் ஒரு முறையாவது உங்கள் கேஸ்களை உட்கார்ந்து பேசுவாரா என்பதுதான். பெரியவர்களையும் குழந்தைகளையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவமனை கிடைத்தால் விட வேண்டாம். அரசுத் தரப்பில், மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைகள் திட்டத்தின் கீழ் வந்திருக்கும் விழுதுகள் மையங்களில் ஆக்குபேஷனல் தெரபியும் ஒரு சேவை. காலியிட அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள்.

இனி, யார் உடனே சேர வேண்டும்? ஆசிரியர் ஆக வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் தள்ளிப்போட வேண்டாம், எம்.ஓ.டி. இல்லாமல் கல்லூரியில் பாடம் எடுக்கும் பேச்சே இல்லை. அப்புறம், சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: நம் பக்கத்தில் பெண் பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு படிக்க வைக்கிறோம் என்ற வாக்குறுதியின் கதி எல்லோருக்கும் தெரியும். அந்த நெருக்கடி இருக்கும் வீட்டில், "படித்துக்கொண்டிருக்கிறாள்" என்பதுதான் வலுவான கவசம். அப்படிப்பட்டவர்கள் என் வாதத்தையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு உடனே விண்ணப்பம் போடுங்கள்.

சம்பளம் பற்றி ஒரு வார்த்தை. எம்.ஓ.டி. முடித்ததாலேயே மாதச் சம்பளம் தாவிக் குதிக்கும் இடங்கள் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நான் பார்த்த அளவில் இல்லை. சென்னை, பெங்களூர், கோவையின் பெரிய மருத்துவமனைகளில் வித்தியாசம் தெரியும். சொந்த ஊரில் கிளினிக் வைக்கப் போகிறவருக்குப் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைவிடப் பரிந்துரைக்கும் டாக்டர்களோடு உள்ள பழக்கம்தான் சோறு போடும்.

தனியார் கல்லூரியும் மத்திய நிறுவனமும்

பக்கத்தில் என்று பார்த்தால் கோவை கே.எம்.சி.எச்., காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கர்நாடகத்தில் மணிபால் என்று எம்.ஓ.டி. இருக்கும் இடங்கள் உண்டு. மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறையின் கீழ் ஒடிசாவில் கட்டாக் பக்கம் ஓலட்பூரில் சுவாமி விவேகானந்தா தேசிய மறுவாழ்வு நிறுவனமும், கொல்கத்தாவில் தேசிய இயக்கக் குறைபாடுகள் நிறுவனமும் இருக்கின்றன. இவற்றில் நுழைவுத் தேர்வு எழுதித்தான் இடம். இடங்கள் குறைவு, கட்டணமும் குறைவு.

பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டாவது வகையை யாரும் மறுக்க முடியாது. பணத்தை விட்டுப் பார்த்தாலும் ஓலட்பூரிலும் கொல்கத்தாவிலும் ஒரு பெரிய லாபம் உண்டு: செயற்கை உறுப்பு, ஆர்த்தோசிஸ் (உறுப்பைத் தாங்கும் கருவி) செய்யும் துறையும் அறுவை சிகிச்சையும் பிசியோவும் நீங்களும் ஒரே வளாகத்தில் இருப்பீர்கள். கால் இழந்தவர் உள்ளே வந்து நடந்து வெளியே போவதுவரை கண்ணால் பார்க்கலாம். நஷ்டம் மொழி. ஒடியாவும் வங்காளமும் இந்தியும் பேசும் நோயாளியிடம் "உங்களுக்கு எந்த வேலை திரும்ப வர வேண்டும்?" என்று கேட்டு, அவர் சொல்வதன் உள்ளர்த்தம்வரை புரிந்துகொள்வதுதான் நம் தொழிலின் உயிர். பிசியோ படிப்பவர் சைகையில் சமாளித்துவிடலாம். நமக்கு அது போதாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் புழங்கியவர்கள். அவர்கள் நான்காவது மொழிக்கு அஞ்சமாட்டார்கள். ஊரிலிருந்து போவதென்றால் ஜோலார்பேட்டையிலோ காட்பாடியிலோ ஹவுரா பக்கம் போகும் ரயிலைப் பிடிக்க வேண்டும். பொங்கலுக்கு ஓடிவந்துவிட்டுத் திரும்பும் தூரம் இல்லை என்பதை மட்டும் வீட்டில் முன்பே சொல்லிவையுங்கள்.

தனியார் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் கட்டடத்தைப் பார்க்காமல், உங்கள் பிரிவில் எத்தனை கைடு இருக்கிறார்கள், சொந்த மருத்துவமனையில் அந்தப் பிரிவு நோயாளிகள் தினமும் வருகிறார்களா, எதிக்ஸ் கமிட்டி எவ்வளவு நாளுக்கு ஒரு முறை கூடுகிறது, ஸ்டைபெண்ட் உண்டா என்று கேளுங்கள். இதையெல்லாம் அலுவலகத்தில் கேட்பதைவிட இரண்டாம் வருட மாணவர் ஒருவரிடம் கேட்டால் டீ ஆறுவதற்குள் உண்மை தெரிந்துவிடும்.

எம்.ஓ.டி.க்குப் பதிலாக சென்சரி இன்டக்ரேஷன் (புலனுணர்வுகளை ஒருங்கிணைக்கும் சிகிச்சை), என்.டி.டி. (நரம்பு வளர்ச்சி சார்ந்த சிகிச்சை) போன்ற சான்றிதழ்ப் பயிற்சிகள் போதாதா என்று சிலர் கேட்பார்கள். குழந்தைகள் மையத்தில் வேலை கிடைக்க உதவும், கை வேலை மெருகேறும். ஆனால் பட்டத்தின் இடத்தை அது நிரப்பாது. வேலை பார்க்கும் காலத்தில் ஒன்றைச் செய்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

வெளிநாடு

அமெரிக்கா போக நினைப்பவர்கள் கணக்கை நிதானமாகப் போட வேண்டும். நுழைவு நிலை முதுகலைக்கு உடற்கூறியலும் உடலியங்கியலும், புள்ளியியல், வளர்ச்சி உளவியல், பிறழ்நிலை உளவியல், சமூகவியல் அல்லது மானிடவியல் போன்ற பாடங்களை முன்பே படித்திருக்கக் கேட்பார்கள். தெரபிஸ்ட் ஒருவரின் பக்கத்தில் இருந்து கவனித்த மணிநேரங்களுக்குச் சான்று கேட்கும் கல்லூரிகளும் பல. விண்ணப்பம் பெரும்பாலும் ஓ.டி.கேஸ் என்ற பொதுத் தளத்தின் வழியே போகும். பி.எஸ்சி. போன்ற நம் மூன்று வருடப் பட்டத்தை நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக எல்லாக் கல்லூரிகளும் ஏற்பதில்லை. சேர்ந்த பிறகு, கடைசியில் குறைந்தது 24 வார முழுநேர ஃபீல்டுவொர்க் (நோயாளிகளிடம் செய்யும் பயிற்சி) உண்டு. அதற்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. அப்புறம் என்.பி.சி.ஓ.டி. என்ற தேசியச் சான்றிதழ்த் தேர்வு. 300 முதல் 600 வரையான அளவுகோலில் 450 எடுத்தால் தேர்ச்சி. அதற்கு மேல் அந்தந்த மாநிலத்தின் லைசென்ஸ்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். படிப்பு முடித்த மாணவருக்குக் கிடைக்கும் ஓ.பி.டி. வேலை அனுமதி 12 மாதம். கம்ப்யூட்டர் படித்த பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் ஆக்குபேஷனல் தெரபிக்குக் கிடையாது. தேர்வு, லைசென்ஸ் என்று காத்திருக்கும் மாதங்களும் அந்த 12-லிருந்துதான் கழியும். கிரீன் கார்டில் நர்சுகளுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் ஷெட்யூல் ஏ என்ற குறுக்குவழி இருக்கிறது. நம் தொழில் அந்தப் பட்டியலில் இல்லை. பிசியோ படித்த நண்பர் சுலபமாகப் போய்விட்டார் என்பதை வைத்து நீங்கள் முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.

செலவு பல இடங்களில் அரைக் கோடி ரூபாயைத் தாண்டும். அந்த அளவுக்குக் கடன் கேட்டால் அரசு வங்கிகள் சொத்து ஈடு கேட்கும். இங்கேதான் நம் மாவட்டத்துக்காரர்கள் தடுக்கி விழுகிறார்கள். காவேரிப்பட்டணத்தில் நான்கு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறதே என்று தைரியமாகப் போவார்கள். கடன் கட்டாவிட்டால் ஈட்டுச் சொத்தை வழக்கின்றி எடுத்துக்கொள்ள வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபாசி சட்டத்தின் பிடிக்குள் விவசாய நிலம் வராது என்பதால் கல்விக் கடனுக்கு அதை ஈடாக எடுக்க வங்கிகள் தயங்கும். டவுனில் உள்ள வீடோ மனையோதான் கேட்பார்கள். அது இல்லாதவர்கள் வங்கியல்லாத நிதி நிறுவனங்களிடம் கூடுதல் வட்டிக்குப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கேயே தங்கப் போகிறோம் என்ற உறுதியும், அது நடக்காவிட்டால் தாங்கும் வசதியும் இருப்பவருக்கு மட்டுமே இது கணக்கில் வரும்.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கேயும் மற்ற பட்டதாரிகளுக்கான இரண்டு வருட எம்.எஸ்சி. இருக்கிறது; கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்தால் 40 லட்சத்தை எளிதில் தாண்டும். ஆனால் பி.ஓ.டி. முடித்தவர் அதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர் என்ற முறையில் எச்.சி.பி.சி. என்ற பதிவுக் கழகத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத் தேர்வு ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் மொத்தத்தில் 7, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையாமல் வேண்டும். நீங்கள் படித்த பாடங்களையும் போஸ்டிங்கையும் விரிவாகக் கேட்பார்கள்; பார்த்த வேலையையும் எடைபோடுவார்கள். ஆக, இங்கேயும் ஊரில் நல்ல இடத்தில் பார்த்த இரண்டு வருட வேலைக்கு மதிப்பு உண்டு.

இப்போதே செய்யக்கூடியவை

எந்த வழியில் போனாலும் தயாரிப்பில் பாதி ஒன்றுதான். நுழைவுத் தேர்வுக்கு முதல் இரண்டு வருடப் பாடங்கள்தான் காலை வாரும். பிரேக்கியல் பிளெக்சஸும் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) கையின் தசைகளும் மறந்திருக்கும். அவற்றை மீண்டும் வரைந்து படியுங்கள். புள்ளியியலைப் பார்த்து ஓடாதீர்கள். ஆய்வு முடிவுகளோடு வரும் பி மதிப்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தமிழில் ஒருவருக்கு விளக்க முடிந்தால் போதும். ஃபார்முலாவைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரை படிக்கும் பழக்கம் வேண்டும். 1952-ல் தொடங்கிய அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் சங்கம் நடத்தும் இதழைப் பாருங்கள். இந்தியக் கட்டுரைகள் என்பதால் எத்தனை நோயாளிகளை வைத்து, எந்த அளவுகோலால் இங்கே ஆய்வு செய்ய முடிகிறது என்பது பிடிபடும். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கு முதல் பத்துக் கட்டுரைகள் இழுக்கும். சுருக்கத்தையும் முறையியலையும் மட்டும் முதலில் படித்துப் பழகினால் பாரம் குறையும்.

வேலை பார்க்கும்போது ஒரு கேஸ் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர் எதுவும் வேண்டாம். அவர் எந்த வேலை திரும்ப வர வேண்டும் என்றார், நீங்கள் எதை அளந்தீர்கள், எது மாறியது, எது மாறவேயில்லை என்பது மட்டும் போதும். கனடாவில் உருவான சி.ஓ.பி.எம். முறையில் நோயாளியே தன் வேலைகளுக்கு முக்கியத்துவம், செய்யும் திறன், திருப்தி என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார். பால் கறக்க வேண்டும் என்று கேட்ட ஒருவர் முதலில் 2 போட்டு, மூன்று மாதம் கழித்து 7 போட்டால், நேர்முகத்தில் சொல்ல உங்களிடம் சொந்தச் சரக்கு இருக்கிறது என்று பொருள்.

கடைசியாக, காகித வேலை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசியச் சட்டத்தின்படி உங்கள் பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கல்லூரிப் படிப்பு உலகக் கூட்டமைப்பான டபிள்யூ.எஃப்.ஓ.டி.யின் ஒப்புதல் பெற்றதா, நீங்கள் படித்த வருடங்களில் அந்த ஒப்புதல் நடப்பில் இருந்ததா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கூட்டமைப்பு குறைந்தது 1,000 மணிநேர மருத்துவப் பயிற்சி கேட்கிறது. எந்த வார்டில் எத்தனை மணிநேரம் என்று பிரித்து எழுதிய கடிதத்தை, மதிப்பெண் சான்று, முழுப் பாடத்திட்டத்தோடு சேர்த்து, கல்லூரி லெட்டர் பேடில் முத்திரையோடு இன்டர்ன்ஷிப் முடியும் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்து இரண்டு வருடம் கழித்துக் கேட்டால், உங்களைத் தெரிந்த பேராசிரியர் வேறு கல்லூரிக்குப் போயிருப்பார். அலுவலகத்தில் இருப்பவர் அடுத்த வாரம் வாருங்கள் என்பார்.